துருப்பிடித்த நிழல்

இறால் பண்ணை முதலாளியின் நிழல் துருப்பிடிக்கத் தொடங்கியபோது அவருடைய மனைவி முதலில் சலவைத் தூளைத்தான் குறை சொன்னாள். வெள்ளைச் சட்டைகளில் ஏறிய கறைக்கு அவளுக்கு வேறு காரணம் தெரியவில்லை. பிறகு கூடத்துச் சுவரில், அவர் வழக்கமாக நின்று போன் பேசும் இடத்தில், ஓர் ஆள் உயரத்துக்குத் தலையும் தோளும் தொப்பையும் தெரியும்படி செம்மஞ்சள் கறை படிந்தது. காலையில் நீளமாகவும் மத்தியானத்தில் குட்டையாகவும் அந்த நிழல் போன இடமெல்லாம் பழைய தகரம் மழையில் நனைந்தால் வழியும் நிறம் வழிந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. மோந்து பார்த்தால் ஆணி வாடை அடித்தது. மருத்துவர் நிழலுக்குத் தன்னிடம் மருந்து இல்லை என்று சொல்லி ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்து அனுப்பினார். அது சரியாகத்தான் இருந்தது. ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்த வருடம் இறால் விலையும் விழுந்திருந்தது, மக்கள் இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார்கள்.

ஊருக்கும் கடலுக்கும் நடுவே முன்பு ஓர் அலையாத்திக் காடு இருந்தது. உப்பங்கழிகள் கைவிரல்கள் போல அதற்குள் நீண்டு ஓடின. ஒரு நாளில் இரண்டு முறை கடல் அவற்றின் வழியாக உள்ளே வந்து, மரங்களின் மூச்சு வேர்களை மூழ்கடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. அதன் சேறு கறுப்பு. மிதித்தால் அழுகிய முட்டை நாறும். காட்டின் ஆரோக்கியமே அந்த நாற்றத்தில்தான் இருக்கிறது என்று சொல்லும் ஒருத்தி ஊரின் மண் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். அவள் முதலாளியின் மனைவிக்குக் கூடப்பிறந்த தங்கை. மண் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கி, அந்த ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாளராக வந்தவள். காற்றுப் படாத சேற்றில் இரும்பும் கந்தகமும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துத் தூங்குகின்றன, கடல் அவற்றின் மேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கிறது, போர்வையை எடுத்தால் எழுந்துகொள்ளும், எழுந்தால் அமிலம் என்று அவள் சொல்வாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

அவளைக் கட்டிக்கொண்டவர் நண்டு பிடிப்பவர். வளைக்குள் தோள் வரை கையை விட்டு, இரும்புக் கொக்கியால் நண்டை நெம்பி எடுப்பவர். காட்டில் பாதியை நகக்கண்ணில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். மற்ற மனைவிகள் கணவனின் சட்டைப்பையைப் பார்ப்பார்கள், இவள் நகத்தைப் பார்ப்பாள். அன்று அவர் எந்தக் கழியில் இருந்தார் என்று சேற்றின் நிறத்தை வைத்தே சொல்லிவிடுவாள். “உன்கிட்ட ஒரு பொய் சொல்ல முடியுதா?” என்று அவர் அலுத்துக்கொள்வார். சகலையான முதலாளிக்கு நல்ல நண்டு கிடைத்தால் எடுத்துவைத்துக் கொடுத்தனுப்புவார். இரண்டு வீடுகளும் அப்போது ஒரே தெருவில் இருந்தன.

காட்டை வாங்கிய முதலாளி அதை வெட்டி இறால் குட்டைகள் போட முடிவு செய்தார். அதற்கு முதலில் கடலை வெளியே நிறுத்த வேண்டும். தூரத்து மேட்டிலிருந்து லாரி லாரியாகச் செம்மண் வந்தது. காட்டைச் சுற்றி நடந்து முடிக்க ஒரு காலைப்பொழுது பிடிக்கும் அளவுக்கு நீளமான கரை எழுந்தது. கழிகள் கடலில் சேரும் வாய்களை மட்டும் கடைசி வரை திறந்து வைத்திருந்தார்கள். அவற்றை எல்லாம் ஒரே நாளில், கடல் இறங்கியிருக்கும்போது, அடைத்துவிட வேண்டும். ஒரு வாய் மிச்சம் இருந்தாலும் ஏறி வரும் கடல் அதன் வழியாகப் புகுந்து மொத்தக் கரையையும் கரைத்துவிடும். அந்த நாளின் மத்தியானத்தில், ஒரு கழியின் வாயில், மண் தள்ளும் இயந்திரத்தை ஓட்டியவன் திடீரென்று வண்டியை நிறுத்தினான். கீழே சேற்றில் இடுப்பு வரை புதைந்து, ஒரு கை வளைக்குள் சிக்கிக்கொண்டு, நண்டுக்காரர் இன்னொரு கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவரை இழுத்து எடுக்கக் கயிறும் பலகையும் ஆட்களும் வேண்டும், நேரம் வேண்டும். முதலாளி கடலைப் பார்த்தார். அது ஏறத் தொடங்கியிருந்தது. அவர் ஓட்டுநரைப் பார்த்து, மண்ணைத் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஓட்டுநர் மறுநாள் வேறு ஊருக்குப் போனான், பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. ஊரில் கேட்டபோது எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: காட்டுக்குள் அன்று யாரும் இல்லை. கரையில் வேலை கிடைத்தவர்கள் சொன்னார்கள், வேலை கிடைக்கும் என்று காத்திருந்தவர்களும் சொன்னார்கள். தன் கணவரான முதலாளிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கரைக்குப் போயிருந்த அக்காவும், தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட்டேன், யாரையும் பார்க்கவில்லை என்று விசாரணையில் சொன்னாள். கடல் கொண்டுபோயிருக்கும் என்று முடிவாயிற்று. தங்கை எழுந்து நின்றாள். “கடல் எங்கங்க உள்ள வந்துச்சு? நீங்கதான எல்லா வாசலையும் அடச்சீங்க?” என்று கேட்டாள். கூட்டம் கலைந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் வேண்டியிருந்தது: எந்த இடம். ஒரு பிடி மண்ணைக் கொடுத்தால் அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடக்கூடிய அவளுக்கு, அந்த நீளமான கரையின் அடியில் தன் கணவர் எங்கே இருக்கிறார் என்று மட்டும் தெரியவில்லை. கரையில் மண் உருவும் குழாயை இறக்கித் தேடப் போனாள். முதலாளி வேலி போட்டார், வேலிக்கு ஆள் போட்டார்.

சேற்றை வடித்துக் குட்டை வெட்டுவதற்கு மண் சோதனை வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டார்கள். ஆய்வுக்கூடம் ஊருக்கு ஒன்றுதான். முதலாளி ஒரு பிளாஸ்டிக் பையில் கறுப்புச் சேற்றை எடுத்துக்கொண்டு தானே வந்தார், எதுவும் நடக்காதது போல உட்கார்ந்தார்.

“என்னம்மா, நல்லா இருக்கியா? அக்கா உன்னக் கேட்டா.”

“ஈரமா கொண்டு வந்திருக்கீங்க அத்தான்.”

“சேறு பின்ன எப்படி இருக்கும்?”

“ஈரமா பாத்தா ஒரு எண் வரும். ரெண்டு மாசம் காத்துல வெச்சிட்டுப் பாத்தா வேற எண் வரும். எது வேணும்?”

“எது சீக்கிரம் வரும்?”

“ஈரத்துல பாத்தா இப்பவே.”

“அப்ப அதையே குடு. ரெண்டு மாசம் காய வெக்க இது என்ன கருவாடா?”

இது அந்த ஊருக்கே உரிய தவறு. மண் சோதிக்கப் படகில் வந்து இறங்குபவர்கள் ஆய்வுக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த படகு கிளம்புவதற்குள் முடிவை வாங்கிக்கொண்டு போவார்கள். அதனால் அங்கே சேற்றை எப்போதும் ஈரமாகவே சோதித்து வந்தார்கள், இந்தச் சேறுகளுக்கு ஈரத்தில் வரும் எண் எவ்வளவு நல்ல எண்ணாக இருந்தாலும் அர்த்தமில்லை என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவள் பொறுப்புக்கு வந்த பிறகு இதற்காகப் பலரிடம் சண்டை போட்டிருக்கிறாள். கெஞ்சியிருக்கிறாள், திட்டியிருக்கிறாள், ஒருவரைப் படகிலிருந்து இறக்கிக் கூட்டி வந்திருக்கிறாள். முதலாளியிடம் ஒருமுறை சொன்னாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். கருவியை நனைத்தாள். முள் ஏழில் நின்றது. அமிலமும் இல்லை, காரமும் இல்லை, குடிதண்ணீரைப் போன்ற மண். பொய் எதுவும் சேர்க்காமல் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் போன பிறகு மிச்சச் சேற்றை ஒரு தட்டில் பரப்பி, அதில் ஓர் இரும்புக் கரண்டியைச் சொருகி, ஜன்னலில் வைத்தாள். நாளாக ஆகச் சேறு கறுப்பிலிருந்து சாம்பல் ஆயிற்று, வெடித்தது, வெடிப்புகளில் வைக்கோல் நிறத்தில் புள்ளிகள் தோன்றின. ஒரு காலையில் கரண்டியின் காம்பு மட்டும் தட்டில் கிடந்தது. கணவர் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

காட்டை வெட்டினார்கள், தண்ணீரை வடித்தார்கள், சேறு முதல் முறையாக வெயிலைப் பார்த்தது. முதல் மழையோடு எல்லாம் எழுந்துகொண்டது. குட்டைகளின் ஓரம் செம்மஞ்சள் கூழ் கசிந்தது. இறால்கள் ஓடு கட்டவே இல்லை. நகம் பட்டாலே கிழிந்துபோகும்படி, கண்ணாடித்தாள் போல, செவுளில் துரு அடைத்துக்கொண்டு மிதந்தன. மதகின் இரும்புச் சக்கரங்கள் கையோடு வந்தன. குட்டைக்குப் பக்கத்தில் முதலாளி கட்டியிருந்த புது மாடி வீட்டின் அடித்தளம் டீயில் நனைத்த பிஸ்கட் போல உதிர்ந்தது. கதவுகள் மூட மறுத்தன. படிக்கட்டு வீட்டைவிட்டு ஒரு சாண் தள்ளி, கோபித்துக்கொண்ட விருந்தாளி மாதிரி தனியாக நின்றது. ஊரும் தப்பவில்லை. காட்டில் அன்று யாரும் இல்லை என்று சொன்னவர்கள் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருக்கும் பால் திரிந்தது. டீக்கடைக்காரம்மா இதைத்தான் முதலில் கண்டுபிடித்தாள். கடைக்கு வருபவர்கள் பேசக்கூடாது, விரலைக் காட்டி டீ வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டாள். ஒருநாள் கரையில் வேலை பார்த்த ஒருவர் பொறுக்க முடியாமல், “நான் என்ன பண்ணேன்? எல்லாரும் சொன்னதத்தான நானும் சொன்னேன்” என்று முறையிட்டார்.

“பாரு, போச்சு. ஒரு கேன் பால்!” என்று அவள் கத்தினாள். “வாயாய்யா அது, எலுமிச்சம்பழமா?”

அப்போதுதான் நிழல் துருப்பிடிக்கத் தொடங்கியது. முதலாளி சுண்ணாம்பு வரவழைத்தார். மூட்டைகள் கரையோரக் கொட்டகையில் கூரை வரை அடுக்கப்பட்டன. ஆட்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு குட்டைகளில் கொட்டினார்கள். மரங்களற்ற அந்த நிலம் கொஞ்ச நாள் பனி விழுந்தது போலக் கிடந்தது, பிறகு மறுபடி மஞ்சளித்தது. வீட்டு முற்றத்தில் அவர் தினமும் காலையில் கைகளை விரித்துக்கொண்டு வயல் பொம்மை மாதிரி நிற்பார். மனைவி மட்டையைச் சுண்ணாம்பில் நனைத்து அவருடைய நிழலுக்குத் தலையிலிருந்து கால் வரை வெள்ளையடிப்பாள். நிழல் சீறும், நுரைக்கும், அடங்கும். மத்தியானத்துக்குள் பழையபடி ஆகிவிடும். நிழலுக்கு எடையும் கூடிக்கொண்டே வந்தது. அவர் தெருவில் நடந்தால் யாரோ இரும்புத் தகட்டை இழுத்துப் போகும் சத்தம் கேட்டது.

கடைசியில் ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். “இதுக்கு என்னதான் வழி?”

“கரைய வெட்டி விடுங்க. கடல் வந்து போகட்டும். மண்ணு மறுபடி தூங்கிடும்.”

“பண்ணை?”

“பண்ணை ஏது அத்தான்?”

“சரி, என் நிழலு?”

“அதுக்கு வேற வழி. அவரு எங்கன்னு சொல்லுங்க.”

“யாரு எங்க?” என்றார் முதலாளி. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இரும்புக் கால்கள் நான்கும் அதே நொடியில் உதிர்ந்தன. அவர் தரையில் கிடந்தார். அவள் கை கொடுக்கவில்லை, அடுத்தவருடைய மண்ணை எடுத்து எடை போடத் தொடங்கினாள்.

சில மாதங்கள் கழித்து அக்கா வந்தாள். விசாரணைக்குப் பிறகு அவள் தங்கையின் வீட்டு வாசலை மிதித்ததில்லை. நேராகச் சமையலறைக்குள் வந்து, கழுவும் தொட்டியின் பக்கத்தில் நின்று, இரண்டு கைகளையும் நீட்டினாள். கறை தேய்த்துத் தேய்த்துத் தோல் வெந்திருந்தது.

“கையப் பாருடி.”

“பாத்தேன்.”

“எதாவது மருந்து குடேன்.”

“சோடா உப்புத் தண்ணில முக்கி வை.” தங்கையே வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். அக்கா கையைப் பாத்திரத்துக்குள் விட்டு, வலியில் பல்லைக் கடித்தாள். எரிச்சல் குறையும்வரை தங்கை காத்திருந்தாள்.

“அன்னைக்குக் கரைக்குச் சாப்பாடு கொண்டு போனியேக்கா. என்ன சமச்சிருந்த?”

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு...”

“எனக்கு இருக்கு. நண்டு. முந்தின நாள் அவருதான் புடிச்சுக் குடுத்தனுப்பினாரு. பெருசா ரெண்டு. கால் கட்டி நான்தான் பையில போட்டேன்.”

அக்கா பாத்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. “நீ மன்னிச்சிருவேன்னுதான்டி வந்தேன்” என்றாள்.

“தப்பா வந்துட்ட” என்றாள் தங்கை. “தண்ணி ஆறிடுச்சு. மாத்தித் தரேன், இரு.”

மறுநாள் காலை முதலாளி முற்றத்தில் கைகளை விரித்து நின்றார். மனைவி மட்டையை எடுக்கவில்லை. சுண்ணாம்பு வாளியைக் காலால் கவிழ்த்தாள். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?” என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருவெல்லாம் தகடு உரசும் சத்தம் கேட்டு மக்கள் வெளியே வந்து பின்னாலேயே நடந்தார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து தங்கையும் வந்து சேர்ந்துகொண்டாள். கடல் இறங்கியிருந்தது. கரையின் மேல் வெகுதூரம் போய், பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லாத ஓர் இடத்தில் அவர் நின்றார்.

“இங்க” என்றார்.

“முழுசாச் சொல்லுங்க அத்தான்.”

“இங்கதான். சேத்துல மாட்டிக்கிட்டாரு சகலை. கைய ஆட்டினாரு. வண்டிக்காரன் நிறுத்திட்டான். நான்தான்...” அவர் தன் வலது கையைத் தூக்கி, மண்ணைத் தள்ளச் சொல்லும் அந்தச் சைகையை எல்லோருக்கும் செய்து காட்டினார். சொற்கள் வராத இடத்தில் கை சரியாகவே செய்தது.

மண்வெட்டியால்தான் தோண்ட வேண்டும், இயந்திரம் கூடாது என்று அவள் சொன்னாள். செம்மண் தீர்ந்ததும் காற்றே படாத கறுப்புச் சேறு வந்தது, பழைய நாற்றம் எழுந்தது, அவள் அதை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டாள். அதற்குள் நண்டுக்காரர் இருந்தார். மண் அவரை அப்படியே வைத்திருந்தது. ஒரு கை வளைக்குள், கையில் கொக்கி, கொக்கியில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. தலைமயிர் இன்னும் ஈரமாக இருந்தது. வயதாகியிருந்தது அவளுக்குத்தான். சேலைத் தலைப்பால் அவருடைய காதுமடலில் இருந்த சேற்றைத் துடைத்தாள். அவரைப் பலகையில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். குழியை மூட முயன்றபோது மண் நிற்கவில்லை. எவ்வளவு போட்டாலும் உள்வாங்கிக்கொண்டு, ஓர் ஆள் கையை நீட்டிப் படுத்திருக்கும் வடிவத்திலேயே குழி திறந்து கிடந்தது. முதலாளி வீட்டுக்குத் திரும்பப் பார்த்தார். முடியவில்லை. அவருடைய நிழல் அவருக்கு முன்பே குழிக்குள் சரிந்துவிட்டிருந்தது, நீட்டிய கை உட்பட அளவு கச்சிதமாகப் பொருந்தியது. சேறு அதன் மேல் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. ஓர் ஆளைக் கொடுத்த மண் ஓர் ஆளை வைத்துக்கொண்டது, அவ்வளவுதான் என்று மண்வெட்டிக்காரர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவரைக் கைது செய்ய வந்தவர்கள் இழுத்துப் பார்த்தார்கள், பிறகு கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். வழக்கு நடந்தது. குற்றவாளி இருக்கிற இடத்திலேயே தண்டனையை அனுபவிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. நிழல் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் அவர் நடக்கலாம். காலையிலும் மாலையிலும் கொஞ்சம் தாராளம், உச்சி வெயிலில் அசையாமல் நிற்க வேண்டும். மேகம் மூடிய நாட்களில் தப்பிக்கலாம் என்று நினைத்தார். அன்றும் முடியவில்லை, ஏனென்றால் நிழல் மேலே இல்லை, கீழே இருந்தது. கழிகளின் வாய்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். அந்த ஒரு வாயில் மட்டும் மரத்தில் மதகு வைத்து, எப்படியும் அங்கேயே நிற்பவர் என்பதால் அதைத் திறந்து மூடும் வேலையை அவருக்கே கொடுத்தார்கள். கடல் மறுபடி ஒரு நாளில் இரண்டு முறை வந்தது. மஞ்சள் வெளுத்தது, சேறு கறுத்தது, நாற்றம் திரும்பியது. தண்ணீரில் மிதந்து வந்த முளைகள் செங்குத்தாகக் குத்திக்கொண்டு நின்றன. சில வருடங்களில் மூச்சு வேர்கள் அவருடைய காலைச் சுற்றிலும் எழும்பின. ஊரில் பால் திரிவது நின்றது, ஆனாலும் டீக்கடையில் மக்கள் பழக்கத்தில் விரலைத்தான் காட்டினார்கள். சாய்ந்துபோன மாடி வீட்டை விட்டு அக்கா பழைய தெருவுக்கே வந்துவிட்டாள். தினமும் தூக்குவாளியோடு கரைக்குப் போய் வருவாள். எதிரில் தங்கை வந்தால் இருவரும் கடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பேசிக்கொள்வார்கள்.

தங்கை மாதம் ஒருமுறை குழாயோடு வந்து, அவருடைய காலடியில் இறக்கி, ஒரு முழம் மண்ணை உருவி எடுப்பாள். குழாய் அடியிலிருக்கும் நிழலைத் துளைக்கும் ஒவ்வொரு முறையும் அவர் விலா எலும்பைப் பிடித்துக்கொள்வார். ஈரத்திலும் பார்ப்பாள், மிச்சத்தை ஜன்னலில் வைத்தும் பார்ப்பாள். அந்தக் கடற்கரையில் அதைவிட ஆரோக்கியமான மண் இல்லை. தன் நிழலைப் பிடித்து வைத்திருக்கும் சேற்று இரும்பை எது தளர்த்தும் என்பதை அவர் வந்து போகும் அதிகாரிகளிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார். தலை முழுதும் நரைத்த ஒரு மாலையில் அதைக் கேட்டும்விட்டார்.

“ஏம்மா, காலடியில ஒரு மூட்டை சுண்ணாம்பு போட்டா விட்ரும்னு சொல்றாங்களே?”

“விட்ரும் அத்தான்.”

“கொட்டகையில இன்னும் கெடக்குதே. போடேன்.”

அவள் குழாயிலிருந்த மண்ணை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு, மை போல. அதில் ஒரு சிறு நண்டு நெளிந்தது. அதைப் பக்குவமாக எடுத்துக் கீழே விட்டாள்.

“மண்ணு இவ்வளவு நல்லா இருக்கு. எதுக்குக் கெடுக்கணும்?” என்றாள்.

கடல் ஏறத் தொடங்கியிருந்தது. முதலாளி குனிந்து மதகைத் தூக்கினார்.